நிறுத்தி வைத்த இலாபம்

கூட்டக்குறிப்பு எழுதுவது என் வேலை.
குருநகரில் ஐஸ் ஆலைக்கு மேல்மாடி, பத்துக் கதிரை.
யன்னலுக்கு வெளியே பண்ணைக்கடல்
முழங்காலளவு தண்ணீரோடு
எவருக்கும் பதில் சொல்லாமல் கிடக்கும்.

சந்தியாப்பிள்ளையரிடம் நூற்றில் எழுபத்தொன்று.
தங்கச்சி பிலோமினாவுக்கு ஒன்பது.
மிச்சம் இருபதும்
ஸ்காபரோவில் ஒரு தாதி, மானிப்பாயில் ஒரு மருந்துக்கடைக்காரர்,
கொக்குவில் இரத்தினேஸ்வரி ரீச்சர் என்று
கைகைக்குக் கொஞ்சம்.

முதல் வருடம் இலாபம் நாற்பத்திரண்டு இலட்சம்.
"பங்கிலாபம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.
"சிங்கப்பூர்க்காரன் கிழமைக்கு ரெண்டு தொன் நண்டு கேக்கிறான்,
எங்களிட்டைக் குளிரறை ஒண்டுதான்" என்றார் தலைவர்.
பூச்சியம் என்று எழுதினேன்.
அடுத்த வருடமும் பூச்சியம்.
வட்டம் போட என் கை நன்றாகப் பழகிவிட்டது.

மூன்றாம் வருடம் ஸ்ரான்லி வீதி வங்கிக்குப் போனோம்.
முகாமையாளர் எங்கள் கணிப்பீட்டை மூன்று தரம் புரட்டினார்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா
கடலுக்குள்ள நிக்கிற நண்டை ஈடு வைக்கேலாதே ஐயா.
வீட்டு உறுதி இருக்கோ?"
இருந்தது.
தலைவர் சேட்டுப் பைக்குள் பேனையைச் செருகிக்கொண்டு எழும்பினார்.
படியிறங்கும்போது சொன்னார்:
"இருக்கிற காசெல்லாம் அந்த ஆலைக்குள்ளதான்.
வீட்டையும் குடுத்திட்டு நான் எங்க நிக்கிறது?"

புதுப் பங்கு வெளியிடலாமே என்றேன்.
எழுபத்தொன்று ஐம்பதுக்குக் கீழே எப்போது இறங்கும் என்பதை
அவர் மனக்கணக்கில் முடித்துவிட்டார்.
எனக்குக் கல்குலேட்டர் தேவைப்பட்டது.

ஆகவே இலாபத்தையே உறைய வைத்தோம்.

நான்காம் வருடப் பொதுக்கூட்டத்துக்கு
ரீச்சர் பஸ்ஸில் வந்தார்,
குடையை மேசைமேல் வைத்தார்.
"நீங்கள் என்னோட சேந்து காத்திருக்கிறியளோ,
இல்லை, என்னைக் காக்க வைக்கிறியளோ?"
"உங்கட ஒரு ரூபா நிண்டா
என்ர எழுபத்தொண்டும் நிக்குது ரீச்சர்."
"நிக்குதுதான்.
உங்கட சம்பளம் நிக்கேல்லையே."
கீழே ஐஸ் இயந்திரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
நான் எழுதினேன்: 'கலந்துரையாடப்பட்டது.'

இரண்டாவது குளிரறை எழும்பியது. பிறகு மூன்றாவது.
இரவுநேர லொறிகள், இருபத்தாறு பெண்கள்,
வெள்ளைத் தொப்பி, நீலக் கையுறை.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
அந்த நாட்களில் தலைவர் வாங்கியது
ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மட்டும்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டாம் வருடம் நண்டு சிறுத்தது.
ஓடு உள்ளங்கைக்குள் அடங்கியது.
சிங்கப்பூர்க்காரன் வேறு கடலைத் தேடிப் போனான்.
மூன்றாவது குளிரறையில் பாதிக்கு மேல்
வெறும் குளிர்.

இப்போது வங்கி முகாமையாளர் தானாகவே மாடி ஏறி வந்தார்.
கட்டடம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, எல்லாம் ஈடு வைக்கலாம்.
"எவ்வளவு வேணும் ஐயா?"
"எதுக்கு?" என்றார் தலைவர்.
கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

அந்த வருடம்தான் முதல்முறையாக
பூச்சியமல்லாத ஓர் எண்ணை எழுதினேன்:
பங்கொன்றுக்கு மூன்று ரூபா ஐம்பது சதம்.
கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர்
எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.
ஆகக் கூடிய காசு போவது யாருக்கோ
அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை கழித்து ரீச்சர் தொலைபேசியில்.
"காசோலை வந்தது பிள்ளை."
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"அப்ப, இனி அந்தக் காசை வச்சுச் செய்ய
உங்களிட்டை ஒண்டும் இல்லையோ?"

குறிப்பின் கடைசி வரியை நாங்கள் எப்போதும் இப்படித்தான் எழுதுவோம்:
'வேறு விடயங்கள் இல்லாமையால் கூட்டம் நிறைவுற்றது.'
அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

என்னிடமும் நாற்பது பங்கு உண்டு.
நூற்று நாற்பது ரூபா.
காசோலை லாச்சிக்குள் கிடக்கிறது,
இன்னும் மாற்றவில்லை.